பால் கவர் போட்ட சாலை வெயிலில் உருகிவிடாதா?

பால் கவர், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் சேர்த்துச் சாலை போடுகிறார்களே, கோடையில் உருகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உருகாது. அக்னி நட்சத்திரத்தில்கூடத் தார்ச்சாலை 60, 65 டிகிரிக்குத்தான் சூடேறும். பாலித்தீன் உருக 100 டிகிரிக்கு மேல் வேண்டும்.

மதுரைப் பக்கம் ஒரு தார்க்கலவை ஆலையில் சில ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். பலரும் நினைப்பதுபோல் பிளாஸ்டிக்கைத் தாரில் போட்டுக் கிண்டுவதில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், 2018இல் பத்மஸ்ரீ பெற்றாரே அவர்தான், கண்டுபிடித்த முறையில் பிளாஸ்டிக் முதலில் ஜல்லியில்தான் சேரும். ஜல்லியை ஏறக்குறைய 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை மேலே தூவுவோம். அரை நிமிடத்தில் ஒவ்வொரு கல்லும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். தார் அதற்குப் பிறகுதான். மழைநீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து தாரைக் கழற்றுவதால்தான் சாலையில் பள்ளம் விழுகிறது. இந்தப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஒற்றை வழிச் சாலை என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 1 டன் கழிவு தீரும், தாரும் மிச்சம்.

5 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களை ஒட்டிய சாலைகளில் இதைப் பயன்படுத்தச் சொல்லி மத்திய அரசு 2015இல் உத்தரவிட்டது. எங்களுக்கு உத்தரவு வந்த வேகத்தில் சுத்தமான பிளாஸ்டிக் வரவில்லை. மழைக்காலத்தில் சாக்கைப் பிரித்தால் புளித்த பால் நாற்றம் முகத்தில் அடிக்கும். உள்ளே கையை விட்டால் பிசுபிசுவென்று ஈரம். ஈரப்பொடி கட்டி கட்டியாக விழும். ஒரு கல்லில் அப்பும், பக்கத்துக் கல்லில் ஒட்டவே ஒட்டாது.

ஒரு நாள் 4 மில்லிமீட்டர் சல்லடையில் விழ வேண்டிய சரக்கில் உள்ளங்கை அகலத் துண்டுகள் கிடந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் யாரோ ஒரு தலைவரின் பாதி மீசை. ஃப்ளெக்ஸ் பேனர்! அது பி.வி.சி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்; சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும், பக்கத்தில் நிற்பவன் நெஞ்சு எரியும். இந்த வேலைக்கு அதைச் சேர்க்கவே கூடாது. அத்தனை சாக்கையும் திருப்பி அனுப்பிவிட்டு, அன்றைக்கு வெறும் தாரிலேயே கலவை போட்டோம்.

மீசைத் துண்டை மட்டும் எங்கள் ஆபரேட்டர் அண்ணன் எடைமேடை அறைக் கதவில் ஒட்டிவைத்தார். சாக்கு இறக்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரட்டும் என்று.