வளாகத்துக்குள் நாங்களும் வரலாமா? – வாசகர் கேள்வி பதில்

தஞ்சோங் மாலிம், பேராங், சிலிம் ரிவர் பக்கத் தோட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, பல்கலைக்கழகங்களில் நடக்கும் உரைகள், பட்டறைகள் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கடைத்தெருவில் ஒட்டியிருந்த உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) சுவரொட்டியை மகள் கைப்பேசியில் படமெடுத்து வந்தாள். மலாய் படிப்பேன், ஆனால் பாதி சுருக்கெழுத்தாக இருக்கிறது. தோட்டத்தில் இருக்கிற நாங்கள் போகலாமா? கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா? – ஒரு தாய், பேராங்

பேச்சாளர் படத்தை விடுங்கள் அம்மா, அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'தெர்புக்கா கெபாடா உமும்' என்றிருந்தால் யாரும் போகலாம். 'வார்கா உப்சி சஹாஜா' என்றிருந்தால் அங்கே படிப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் மட்டும். இரண்டும் இல்லையென்றால் 'உருசெத்தியா' (செயலகம்) என்று போட்டிருக்கும் எண்ணுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி அனுப்பிக் கேளுங்கள்: எத்தனை பேர், மாணவரா பெற்றோரா, எந்தத் தேதி நிகழ்ச்சி. பெரும்பாலும் வரச் சொல்லிவிடுவார்கள். காலி நாற்காலியை எந்த ஏற்பாட்டாளரும் விரும்புவதில்லை.

அடுத்து இடம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உப்சிக்குத் தஞ்சோங் மாலிமில் இரண்டு வளாகங்கள். 'கே.எஸ்.ஏ.ஜே.எஸ்.' என்றால் சுல்தான் அப்துல் ஜாலில் ஷா வளாகம். டவுனுக்குள் இருக்கும் பழைய வளாகம். 'கே.எஸ்.ஏ.எஸ்.' என்றால் சுல்தான் அஸ்லான் ஷா வளாகம். புரோட்டோன் சிட்டியில் இருக்கும் புதியது. ஓரெழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது. பழைய வளாகமென்றால் அரை மணி முன்னதாகவே போங்கள். 1922-இல் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அதுதான். அங்குள்ள சுலோ புடிமான் கட்டடத்தில் தேசியக் கல்வி அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காவல் சாவடியில் அடையாள அட்டையும் வண்டி எண்ணும் கேட்பார்கள். சுவரொட்டிப் படமும், பதிவு செய்தபின் வந்த உறுதிச் செய்தியும் கைப்பேசியில் திறந்தே இருக்கட்டும். "ஏதோ செராமாவாம்" (சொற்பொழிவாம்) என்று சொன்னால் காவலர் யோசிப்பார்; மண்டபத்தின் பெயரைச் சொன்னால் வழியும் காட்டுவார். சிலிப்பர், அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை வேண்டாம். சேலையோ பஞ்சாபி உடையோ தாராளமாகப் போடலாம். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, மூடிய சப்பாத்து.

பதிவுப் படிவத்தில் மகளின் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே, 'அ/பெ' உட்பட, எழுதச் சொல்லுங்கள். ஈ-சிஜிலில் (மின்சான்றிதழில்) அப்படியே அச்சாகி வரும். பிறகு திருத்தித் தரச் சொல்லி அலைவது வீண் வேலை. மின்னஞ்சலில் ஓர் எழுத்து பிசகினாலும் சான்றிதழ் வராது. வருகைப் பதிவுக்குச் சில இடங்களில் கியூஆர் குறியீட்டை நுழையும்போது ஒரு முறையும் முடியும்போது ஒரு முறையும் காட்டுவார்கள். சாப்பாட்டுக்கு எழுந்து போய் இரண்டாவதைத் தவறவிட்டவர்கள்தான் "எனக்கு மட்டும் சிஜில் வரவில்லை" என்று எழுதுகிறார்கள்.

காலை 8 மணி என்று போட்டிருப்பது பதிவு நேரம். அதன்பின் முக்கிய விருந்தினர் வருகை, நெகாராகூ, பல்கலைக்கழகப் பாடல், பிரார்த்தனை, வரவேற்புரை, திறப்புரை எல்லாம் முடிய 9.30 ஆகிவிடும். இரண்டு பாடல்களுக்கும் எழுந்து நிற்க வேண்டும். பசியோடு போகாதீர்கள், பலகாரம் பத்தரைக்குத்தான்.

ஆறாம் படிவம் படிக்கிறேன். ஷாராஹான், செமினார், பெங்கெல், கொலோகியம் என்று பல பெயர்கள். எதற்குப் போனால் பயன்? சான்றிதழ் யூ.பி.யூ. விண்ணப்பத்துக்கு உதவுமா? – ஒரு மாணவர், சிலிம் ரிவர்

சான்றிதழை முதலில் முடித்துவிடுவோம், தம்பி. யூ.பி.யூ. எனும் பொதுப் பல்கலைக்கழக மாணவர் சேர்க்கையில் கல்வித் தகுதிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. அந்தப் பத்து, பள்ளியில் ஆசிரியர் பதிவு செய்யும் பி.ஏ.ஜே.எஸ்.கே. எனும் விளையாட்டு, புறப்பாட மதிப்பீட்டுக் கணக்கிலிருந்து வருவது. அரை நாள் உரைக்குப் போய் உட்கார்ந்து வாங்கிய சிஜிலால் அதில் பெரிதாக எதுவும் ஏறாது. பள்ளியின் சார்பாக மாநில அளவிலோ தேசிய அளவிலோ போட்டியில் கலந்துகொண்டிருந்தால் அது வேறு. சான்றிதழின் நகலைச் சங்கப் பொறுப்பாசிரியரிடம் உடனே கொடுத்துவிடு. ஆண்டு முடிந்தபின் கொண்டுபோனால் பதிவு மூடியிருக்கும்.

இனி பெயர்கள். 'ஷாராஹான் பெர்டானா' ஒரு பேராசிரியர் தம் ஆய்வு முழுவதையும் திரட்டிச் சொல்லும் பெரிய உரை. ஒரு மணி நேரம் கேட்கலாம். கேள்வி கேட்க இடம் குறைவு. கொலோகியமும் செமினாரும் ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் இடங்கள். ஒருவருக்குக் கால் மணிதான், வேகமாகப் போகும். துறை எது என்று ஏற்கெனவே முடிவு செய்தவனுக்கு அது பொருந்தும், உனக்கு இப்போது சுமை. பெங்கெல்தான் பட்டறை; கையால் செய்து பார்ப்பது. எந்தப் படிப்பு எடுப்பது என்று தெரியாத நிலையில் இரண்டு பட்டறைக்கும் ஒரு ஹாரி தெர்புக்காவுக்கும் (திறந்தநாள்) போ.

திறந்தநாளில் பை நிறையக் கையேடு சேர்ப்பதால் ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வுக்கூடமோ பயிற்சியோ இருக்கிறது, முதல் பருவத்தில் எந்தப் பாடத்தில் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், தொழிற்பயிற்சி எங்கே, எத்தனை வாரம். தமிழாசிரியராகும் எண்ணம் இருந்தால் உப்சியின் தமிழ்மொழிக் கல்வி இளங்கலைப் பட்டத்தைப் பற்றி விரிவுரையாளர் மேசையிலேயே கேட்கலாம்.

நான்கு வயதுப் பேரனை உரைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

உரைக்கு வேண்டாம். குளிர்சாதன மண்டபம், இரண்டு மணி நேரம், வெளியே ஓடினால் படிக்கட்டு. திறந்தநாளுக்கும் பட்டமளிப்பு விழாக் காலத்துக் கடைகளுக்கும் தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றம், பல்கலைக்கழக மாணவர்களை இங்கேயே வரவழைத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் பட்டறை நடத்த விரும்புகிறது. யாருக்கு எழுதுவது? என்ன தயார் செய்வது? – மன்றப் பொறுப்பாளர்கள், தஞ்சோங் மாலிம் வட்டாரம்

குறைந்தது எட்டு வாரத்துக்கு முன் கடிதம் கொடுங்கள். ஒரு பருவத்தில் பாட வாரங்கள் பொதுவாக 14. முதல் மூன்று வாரம் பாடப் பதிவு அலைச்சல், கடைசி மூன்று வாரம் ஒப்படைப்பும் தேர்வு பயமும். நடுவில் 4 முதல் 11 வரைதான் மாணவர்கள் கிடைப்பார்கள். அதிலும் ஒரு வாரம் இடை விடுமுறை வரும். கடிதத்தைப் புலத் தலைவருக்கு முகவரியிட்டு, நகலை மாணவர் சங்கத்துக்கும் அதன் ஆலோசகரான விரிவுரையாளருக்கும் அனுப்புங்கள். மாணவர்கள் தாங்களாகவே சரி என்று சொல்லிவிட முடியாது. மாணவர் நலப் பிரிவின் ஒப்புதலுக்கு ஒரு 'கெர்த்தாஸ் கெர்ஜா' (நிகழ்ச்சித் திட்ட அறிக்கை) போட்டாக வேண்டும். நோக்கம், தேதி, நேரம், இடம், பங்கேற்போர் எண்ணிக்கை, செயற்குழு, 'தெந்தாதிஃப்' (நிகழ்ச்சி நிரல்), செலவுக் கணக்கு ஆகியவை அதில் இருக்கும். இவற்றை உங்கள் கடிதத்திலேயே ஒரு பக்கத்தில் கொடுத்துவிட்டால் அவர்கள் வேலை பாதி முடிந்தது. "நல்ல நாளாகப் பார்த்து வாருங்கள்" என்று எழுதும் கடிதங்கள் மேசையிலேயே தூங்கும்.

இடம்: கோயில் மண்டபம் கையருகில் இருந்தாலும், வருகிற மாணவர்களில் எல்லா இனத்தவரும் இருப்பார்கள். தமிழ்ப்பள்ளி மண்டபமோ பாலாய் ராயாவோ (பொது மண்டபம்) எல்லாருக்கும் வசதி. பள்ளியென்றால் தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி வேண்டும். நாள்: சனிக்கிழமை காலை. தோட்டத்துக் கோயில் திருவிழா எப்போது என்று முதலில் பாருங்கள். சாப்பாடு: ஹலால் சான்று உள்ள கடையிலிருந்து, சைவப் பொட்டலம் தனியாக. தலைக்கு 8 வெள்ளி என்று வைத்தால் 40 பேருக்கு 320 வெள்ளி.

எந்தப் பட்டறை என்று நீங்கள் சொல்லவில்லை. ராக்கெட் விடுவது, எரிமலை பொங்குவது எல்லாம் பத்து நிமிடக் கைத்தட்டல். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் பரிந்துரை, மைக்ரோபிட் எனும் சிறு கணினிப் பலகையை வைத்து மண் ஈரம் அளப்பது. நாற்றுப் பைக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பது அவர்கள் வீட்டில் பேசுகிற விஷயம்.

30 பிள்ளைகள், இருவருக்கு ஒரு பலகை, ஆக 15, கூடுதலாக 2. ஒவ்வொரு ஜோடிக்கும் துத்தநாகம் பூசிய ஆணி 2, முதலைவாய்க் கவ்வி வயர் 2, காய்ந்த மண் ஒரு கோப்பை, ஈர மண் ஒரு கோப்பை. வழிகாட்டிகள் 5 பேர். ஓர் ஆணியை '3வி' முனையிலும் மற்றதை '0' முனையிலும் கவ்வ வேண்டும். ஈரம் கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும், பலகை காட்டும் எண்ணும் கூடும். அளவு 0 முதல் 1023 வரை. இரண்டு ஆணிக்கும் நடுவே எல்லாரும் ஒரே இடைவெளி, ஒரே ஆழம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மண்ணுக்கு ஆளாளுக்கு ஓர் எண் வரும், பிள்ளைகள் பலகையைக் குறை சொல்வார்கள். ஆணிகள் ஒன்றையொன்று தொட்டால் எண் உச்சிக்கே போய்விடும். பொத்தானை அழுத்தும்போது மட்டும் அளக்கிற மாதிரி நிரலை எழுதச் சொல்லுங்கள். ஆணியில் மின்சாரம் ஓயாமல் ஓடினால் மின்பகுப்பால் அது அரித்துப்போகும்.

எங்கே கெட்டுப்போகும்? முதலாவது யூஎஸ்பி கேபிள். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் பயன்படும் மலிவான கேபிள்களில் தரவுக் கம்பியே இருக்காது. பலகையில் விளக்கு எரியும், மடிக்கணினியோ அதைக் காணவே காணாது. பதினைந்து கேபிளையும் முந்தின நாளே ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, சரியானதில் சிவப்பு நாடா ஒட்டிவிடுங்கள். இரண்டாவது 'லைன்'. தோட்டத்துக்குள் பதினைந்து கணினி ஒரே நேரத்தில் இணையம் தேடினால் ஒன்றிலும் திறக்காது. பலகைக்கு நிரல் எழுதும் மேக்கோட் செயலியை முன்பே இறக்கி, இணையம் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கணினிக்குப் பதில் கைப்பேசி போதாதா என்பீர்கள். புளூடூத்தில் பதினைந்து பலகை ஒரே அறையில் இருந்தால் யார் பலகை யாருடன் இணைந்தது என்று தேடியே ஒரு மணி நேரம் போகும்.

மூன்றாவது மின்சாரம். ஒரு மடிக்கணினிக்கு 65 வாட் என்றால் பதினைந்துக்கு 975 வாட். 13 ஆம்பியர் பிளக் 240 வோல்ட்டில் 3120 வாட் தாங்கும், ஆகவே கணினிகளால் தொல்லை இல்லை. மாதர் பிரிவு அதே எக்ஸ்டென்ஷன் வயரில் 2200 வாட் தண்ணீர்க் கெண்டியைச் செருகும்போதுதான் கணக்கு மீறுகிறது. கெண்டிக்கு வேறு சுவர்ப் பிளக் கொடுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகவே வேண்டாம்.

நேரம் 9 முதல் 12.30 வரை. பேச்சுகள் எல்லாம் சேர்த்து 15 நிமிடம், அதற்கு மேல் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அதில் ஒவ்வாமை, மருந்து பற்றி ஒரு வரி இருக்கட்டும்.

"யூ.பி.யூ. இடம் உறுதி" என்று சொல்லி 250 வெள்ளிக்கு ஒரு பட்டறை விளம்பரம் வந்திருக்கிறது. கட்டலாமா?

வேண்டாம். விண்ணப்பம் உயர்கல்வி அமைச்சின் யூ.பி.யூ. தளத்தில் போவது; இடத்தை உறுதி செய்யும் அதிகாரம் வெளியார் யாருக்கும் இல்லை. விளம்பரத்தில் பல்கலைக்கழகச் சின்னம் இருந்தால், அதே நிகழ்ச்சி அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். மாணவர் சங்கங்கள் 10, 15 வெள்ளி யூரானுக்குப் (கட்டணம்) பொருளாளர் கணக்கைக் கொடுப்பதுண்டு, அது வேறு. பெரிய தொகையைத் தனியார் பெயரில் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் நடக்கும் தமிழ் உரைகளுக்குப் போக ஆசை. கார் இல்லை. தஞ்சோங் மாலிமிலிருந்து எப்படிப் போவது? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

1956-இல் தொடங்கிய துறை அது. ஐயா போன்றவர்கள் வந்தால் அங்கே மகிழ்ச்சிதான். தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் போகும் கொம்யூட்டர் ரயிலில் ஏறுங்கள். கே.எல். சென்ட்ரலில் எல்லாரும் இறங்குவார்கள். நீங்கள் இறங்க வேண்டாம். அடுத்த நிலையமான அப்துல்லா ஹுக்கூமில் இறங்கி, அங்கேயே கிளானா ஜெயா எல்.ஆர்.டி.க்கு மாறுங்கள். கெரிஞ்சி, அதற்கடுத்தது யுனிவர்சிட்டி. சென்ட்ரல் கூட்டத்தில் படியேறி நடக்கும் வேலை மிச்சம். நிலையத்திலிருந்து வளாகம் உள்ளே தூரம். பஸ்ஸோ கிராப்போ எடுங்கள், வெயிலில் நடக்காதீர்கள். கிராப்பில் வெறுமனே பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டால் ஏதாவது ஒரு வாசலில் இறக்கிவிடுவார்கள். கலை, சமூக அறிவியல் புலம் என்று குறிப்பிடுங்கள்.

வீட்டிலிருந்து மண்டபம் வரை மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தஞ்சோங் மாலிம் வரை வரும் கொம்யூட்டர் அடிக்கடி கிடையாது. போகும்போதே திரும்பும் ரயில்கள் இரண்டின் நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி நேரம் நீண்டால் முதல் ரயிலை விட்டுவிடலாம், இரண்டாவதை விடக்கூடாது.