வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள்

அம்மா, நேற்று உங்கள் மகளின் மார்க் ஷீட் இருந்த ஃபைலிலேயே வீட்டுப் பத்திரத்தின் நகலும் இருந்தது. நீங்கள் கிளம்பும்போதுதான் கவனித்தேன். மகளைக் கெமிக்கல் இன்ஜினியரிங் மேற்படிப்புக்கு அமெரிக்கா அனுப்ப வீட்டை அடமானம் வைக்க நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அமெரிக்காவில் எம்.எஸ். என்னும் முதுநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் கைக்காசோ கடனோதான். பிஎச்.டி. அப்படியில்லை. அங்குள்ள ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் கெமிக்கல் இன்ஜினியரிங் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் வரும் என்பதுதான் வழக்கம். பி.டெக். முடித்த கையோடே விண்ணப்பிக்கலாம், நடுவில் எம்.எஸ். கட்டாயமில்லை. இது தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் கடனில் இறங்கிவிடுகின்றன. போட்டி கடுமைதான். ஐந்து வருடம் ஆகும், சிலருக்கு ஆறும் ஆகலாம்.

அந்த ஐந்து வருடத்தை அவளால் விரும்பிக் கழிக்க முடியுமா? மார்க்கை விட அதுதான் முக்கியம். என்னிடம் வந்துபோன ஒரு பெண், வேதிவினையை வேகப்படுத்தும் வினையூக்கிகளைப் பற்றிய ஆய்வில் இருந்தாள். மூன்று வாரம் எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கடைசியில் வினை நடக்கும் கலனான ரியாக்டருக்குப் போகும் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாளாம். ஒரு இடத்தில் மட்டும் சின்னக் குமிழி, வாயு கசிந்திருக்கிறது. மூன்று வார வேலையும் வீண். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அலுப்பே இல்லை, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான். ஆராய்ச்சிக்கு வேண்டியது அந்த மனசு.

மகளுக்குக் கணக்கு என்றால் உயிர் என்றீர்கள். அது பெரிய பலம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1949 முதல் 25 வருடம் இந்தத் துறைக்குத் தலைவராக இருந்த நீல் அமுண்ட்சன், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். கெமிக்கல் இன்ஜினியரிங்கின் நடுவே கணிதத்தைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆய்வகமே வேண்டாம், கணினியில் மாதிரி அமைத்து ஆராய்கிறேன் என்றாலும் இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் பல துறைகளில், சேர்ந்த பிறகு முதல் செமஸ்டரில்தான் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், தனக்குப் பிடித்த வேலையைச் செய்யும் பேராசிரியர்கள் மூன்று பேராவது அங்கே இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும், ப்ராஜெக்ட் கைடிடம் இப்போதே பேசட்டும்.

கூடவே, இந்தியாவில் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வையும் எழுதட்டும், அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். ஐ.ஐ.டி.யில் கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும். பிஎச்.டி.க்கு 2023-லிருந்து, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். படிப்பும் உண்டு. ஆராய்ச்சி ஒத்துவருமா என்று தயங்கும் பிள்ளைக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

சனிக்கிழமை அவளையும் கூட்டி வாருங்கள். ப்ராஜெக்ட் நோட்டையும் கொண்டுவரட்டும். புதிதாக எழுதிய நோட்டு வேண்டாம், அடித்துத் திருத்திய பழைய நோட்டே போதும்.