பால் சேர்க்காத இனிப்புக் காலையுணவு: கேள்வி பதில்

கேள்வி: காலையில் பத்து, பதினைந்து நிமிடங்களே கிடைக்கின்றன. பால் இல்லாமல் இனிப்பாக எதைச் செய்யலாம்?

பதில்: தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒன்றை நன்றாக மசித்து, அரைக் கோப்பை ஓட்ஸ் மாவு, கால் கோப்பை தண்ணீர் அல்லது சோயா பால், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்கி, எண்ணெய் தடவிய கல்லில் சிறு அடைகளாக ஊற்றி எடுங்கள். காய் கனியும்போது அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுவதால், தனியே இனிப்புச் சேர்க்கத் தேவையில்லை. அதே சர்க்கரைதான் அடையை விரைவில் கருக வைக்கும் என்பதால், தீ மிதமாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: முட்டையும் சேர்ப்பதில்லை. திருப்பும்போது அடை பிய்ந்துவிடுகிறதே?

பதில்: மாவை ஐந்து நிமிடம் ஊற விட்டால், ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு இறுகும். ஓரங்கள் காய்ந்து, மேற்பரப்பின் பளபளப்பு மறைந்த பிறகே திருப்புங்கள். உள்ளங்கையைவிடப் பெரிதாக ஊற்ற வேண்டாம்.

கேள்வி: ஓட்ஸ் கஞ்சியில் தேங்காய்ப்பால் விட்டால் திரிந்துபோகிறது. ஏன்?

பதில்: தேங்காய்ப்பால் கொழுப்பும் நீரும் கலந்து நிற்கும் கலவை, அது தளதளவென்று கொதித்தால் இரண்டும் பிரிந்துவிடும். ஓட்ஸைத் தண்ணீரிலோ இரண்டாம் பாலிலோ வேகவைத்து, அடுப்பை அணைத்த பிறகு கெட்டியான முதற்பாலை ஊற்றிக் கிளறினால் கஞ்சி வழவழப்பாக அமையும்.

கேள்வி: என் மகளுக்குப் பால் ஒவ்வாமை உண்டு. லாக்டோஸ் நீக்கிய பாலைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. அது செரிக்காமல் வயிறு உப்புவது ஒன்று, பாலின் புரதத்தை உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் எதிர்ப்பதால் வரும் ஒவ்வாமை முற்றிலும் வேறொன்று. லாக்டோஸ் நீக்கிய பாலில் கேசீன், வே ஆகிய புரதங்கள் அப்படியே இருக்கின்றன. வெண்ணெயிலும் நெய்யிலும்கூடப் பால் புரதத்தின் எச்சம் இருக்கக்கூடும். கறுப்புச் சாக்லேட், ரொட்டி, கடையில் வாங்கும் கலவைப் பொடி போன்றவற்றின் உறையை ஒவ்வொரு முறையும் படித்த பின்னரே உங்கள் மகளுக்குக் கொடுங்கள். பாதாம், முந்திரி, சோயா ஆகியவையும் சிலருக்கு ஒவ்வாமை தருவதால், அவற்றை முதன்முறை கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: பசும்பாலுக்குப் பதில் பாதாம் பால் ஈடாகுமா?

பதில்: சுவைக்கு ஈடாகும், புரதத்துக்கு ஆகாது. ஒரு கோப்பை பசும்பாலில் சுமார் 8 கிராம் புரதம் இருக்க, கடையில் விற்கும் பாதாம் பாலில் பெரும்பாலும் 1 கிராம் அளவே இருக்கும். சோயா பால் பசும்பாலுக்கு நெருங்கி வரும். கால்சியம் சேர்த்த வகையை வாங்கினால் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், ஏனெனில் அது அடியில் தங்கிவிடும்.

கேள்வி: அடுப்பே பற்றவைக்காமல் முடியுமா?

பதில்: முடியும். இரவில் அரைக் கோப்பை ஓட்ஸுடன் அதே அளவு சோயா பாலும், பொடியாக நறுக்கிய 3 பேரீச்சம்பழமும் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், பழத்தின் இனிப்பு காலைக்குள் பாலில் இறங்கிவிடும். வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் மட்டும் காலையில் நறுக்கிச் சேருங்கள். முந்தின இரவே நறுக்கினால் கறுத்துவிடும்.