கீழே விழுந்தாலே ஃபவுலா?

அன்புள்ள ஐயா,

கால்பந்து பார்க்க உட்கார்ந்தாலே எரிச்சல் வருகிறது. லேசாகத் தோள் பட்டால் போதும், குண்டடி பட்டவர் மாதிரி உருளுகிறார்கள். ரீப்ளேயில் நமக்கே தெரிவது பக்கத்தில் நிற்கும் நடுவருக்குத் தெரியாதா? நடிப்பவருக்கு நேரடியாகச் சிவப்பு அட்டை காட்டினால் இந்தக் கூத்து நின்றுவிடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

நமக்குத் தெரிவது மூன்றாவது ரீப்ளேயில், அதுவும் மெதுவாக ஓட்டிக் காட்டும்போது. நடுவருக்கு ஒரே பார்வைதான். அதையும் ஓடிக்கொண்டே பார்க்கிறார், குறுக்கே யாராவது ஒருவர் முதுகு மறைக்கும். அதனால்தான் நல்ல நடுவர் பந்துக்கு நேர் பின்னால் ஓடாமல் பக்கவாட்டில் இடம் பிடிக்கிறார். இருவரின் கால்களுக்கும் நடுவே இடைவெளி இருந்ததா என்பது அங்கிருந்துதான் தெரியும்.

விழும் விதமும் காட்டிக்கொடுத்துவிடும். நிஜமாகத் தடுக்கி விழுகிறவரின் கைகள் தரையைத் தேடிப் போகும். நடிப்பவரோ நெஞ்சை முன்னால் தள்ளி, கைகளைப் பின்னால் உயர வீசி, முழங்காலை மடக்கி விழுவார். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக உளவியலாளர் பால் மோரிஸ் இதை ஆராய்ந்து, இந்த வில் போன்ற வளைவு இயல்பாக விழும்போது வராது என்றார். அப்புறம், பட்டு ஒரு கணம் கழித்து விழுவது, கோல்கீப்பரின் கையில் படட்டும் என்று காலை வேண்டுமென்றே பின்தங்கவிட்டு இழுப்பது, இதெல்லாம் அனுபவமுள்ள நடுவர்களுக்கு அத்துப்படி.

ஆனால் 'பட்டால் ஃபவுல், படாவிட்டால் நடிப்பு' என்று பார்ப்பது தப்பு. படாமல் போனாலும், உதைக்க முயன்றதே ஃபவுலாகலாம். காலை உடைக்க வருகிற ஆளிடமிருந்து தப்பிக்கத் துள்ளி விழுவது நடிப்பும் இல்லை. ஆக, நடுவர் ஃபவுல் கொடுக்கலாம், ஆட்டத்தைத் தொடரவிடலாம், ஏமாற்றினார் என்று உறுதியாகத் தெரிந்தால் மஞ்சள் அட்டை காட்டலாம். அந்த உறுதி கிடைப்பதுதான் அபூர்வம். பெரும்பாலும் 'எழுந்திரு' என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சரிதான், என்னைக் கேட்டால்.

நேரடியாக இல்லாவிட்டாலும், நடிப்புக்காக வெளியே அனுப்பியதும் உண்டு. 2002 உலகக் கோப்பையில் தென் கொரியாவுக்கு எதிராக இத்தாலியின் டோட்டி பெனால்டி பகுதியில் விழுந்தார். நடிப்பு என்று நடுவர் பைரன் மொரேனோ இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளியே அனுப்பினார். அது நடிப்பே இல்லை என்று இத்தாலிக்காரர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். தண்டனை பெரிதாகப் பெரிதாக நடுவரின் கை பாக்கெட்டுக்குப் போகவே தயங்கும்.

விஏஆர் என்கிற வீடியோ உதவி நடுவர் வந்தபின் பெனால்டி விஷயத்தில் ஏமாற்றுவது கஷ்டம். 2018 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக பிரேசிலின் நெய்மார் விழுந்து வாங்கிய பெனால்டியை, திரையில் பார்த்துவிட்டு நடுவர் ரத்து செய்தார். மைதானத்தின் நடுவில் உருண்டு வாங்கும் ஃப்ரீ கிக்குகளை விஏஆர் எட்டிக்கூடப் பார்க்காது. இங்கிலாந்தில் 2017இலிருந்து, ஏமாற்றிப் பெனால்டி வாங்கியவருக்கு ஆட்டம் முடிந்தபிறகும் இரண்டு ஆட்டத் தடை உண்டு. எவர்ட்டன் கிளப்பின் நியாஸ் அதில் மாட்டினார். விழுவது நிற்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. சட்டையைப் பிடித்து இழுத்தும் விழாமல் ஓடி, நிலைதடுமாறி, பந்தைக் கம்பத்துக்கு வெளியே அடிக்கிறவருக்குப் பெரும்பாலும் விசில் கிடைப்பதில்லை. அதே இழுப்புக்கு விழுந்திருந்தால் பெனால்டி. இதைத் தினமும் பார்க்கிற முன்கள ஆட்டக்காரர் ஏன் நின்றுகொண்டே இருக்கப் போகிறார்?