குடும்பச் சின்னம்: கடிதம்

வணக்கம் ஐயா,

வருகிற கோடையில் அப்பாவுக்கு 75 வயது. லண்டன், பாரிஸ், இங்கே ஸ்காபரோ என்று பிரிந்து கிடக்கிற எல்லோரும் கூடுகிறோம். அதற்குள் குடும்பத்துக்கென்று ஒரு சின்னம் செய்து அழைப்பிதழிலும் டீ-சர்ட்டிலும் போட ஆசை. ஓர் இணையக் கடையில் எங்கள் குடும்பப் பெயரைக் கொடுத்துக் காசு கட்டினேன். இரண்டு சிங்கம் பிடித்திருக்கும் கேடயம், மேலே கிரீடம், கீழே லத்தீனில் ஒரு வரி வந்தது. தம்பி அதைப் பார்த்துச் சிரிக்கிறான். சோழரின் புலியைப் போடச் சொல்கிறான். அப்பப்பா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். அம்மாவின் ஆட்கள் வல்வெட்டித்துறை. என்ன போடலாம்?

ச., ஸ்காபரோ

அன்புள்ள ச.,

தம்பி சிரித்ததில் நியாயம் இருக்கிறது. ஒரு பெயரைச் சொன்னால் அதற்கொரு சின்னம் எடுத்துக் கொடுப்பது வியாபாரம். பிரிட்டிஷ் மரபில் அப்படி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் சின்னங்களை வழங்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484-ல் மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் ஏற்படுத்தியது. அங்கே சின்னம் ஒரு தனி ஆளுக்குத்தான் கொடுக்கப்படும், பிறகு அவர் வாரிசுகளுக்குப் போகும். அதே பெயருள்ள பக்கத்துத் தெருக்காரருக்குப் பாத்தியதை கிடையாது. நம் விஷயம் இன்னும் வேடிக்கை. உங்கள் குடும்பப் பெயர் பெரும்பாலும் அப்பப்பாவின் சொந்தப் பெயராகத்தான் இருக்கும். குடிவரவுப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப எழுதியது, பேரப்பிள்ளைகள் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எந்தக் காலத்துச் சிங்கம் வந்து கேடயம் பிடிக்கும்?

புலியும் வேண்டாம். திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் ராஜேந்திர சோழனின் முத்திரை இருக்கிறது. புலிக்குப் பக்கத்தில் இரண்டு மீன், ஒரு வில், மேலே குடை, இரு புறமும் சாமரம். மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. இருவரையும் அடக்கிவிட்டேன் என்று ஊருக்கு அறிவிக்கும் அரசாங்க முத்திரை அது. புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் அதற்கு என்ன வேலை? அதோடு கனடாவில் தமிழர் நெஞ்சில் புலியைப் பார்ப்பவர்கள் ராஜேந்திரனை நினைக்கப் போவதில்லை. விளக்கம் சொல்லிக்கொண்டு திரிகிற வேலை உங்கள் பிள்ளைகளுக்கு வரும்.

ராஜாக்களை விட்டுவிட்டு வீட்டுக்குள் தேடுங்கள். வெளுக்கப் போகும் துணியில் இன்ன வீட்டுடையது என்று சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள். மாட்டுக்குச் சூட்டுக்குறி இருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் எழுத்து வெட்டுவார்கள். பெரியவர்கள் யாருக்காவது அப்படியொரு குறி நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது, நீங்கள் புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம்.

இல்லையென்றால் துலாவை, அதாவது கிணற்று ஏற்றத்தை, போடுங்கள் என்பேன். வலிகாமத்தில் பம்பு வருவதற்கு முன் புகையிலைக்குத் தண்ணீர் துலாவில்தான் ஏறியது. மேலே ஒருவர் துலாவில் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பனையோலைப் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க வேண்டும். உங்கள் அப்பாவே சிறு வயதில் மிதித்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வரையவும் சுலபம்: ஒரு தாங்குகால், அதன்மேல் சாய்ந்த நீள மரம், தொங்கும் கொடி, பட்டை. அந்த ஊரின் செம்மண்ணுக்காகப் பின்னணி சிவப்பு, துலா மஞ்சள். மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்று உலோகக் கணக்கு, மற்றவை நிறம். நிறத்தின்மேல் உலோகமோ உலோகத்தின்மேல் நிறமோ வரலாம், நிறத்தின்மேல் நிறம் கூடாது என்பது சின்னக் கலையின் பழைய விதி. தூரத்திலிருந்து தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். டீ-சர்ட்டுக்கும் அது பொருந்தும்.

அம்மாவின் பக்கம் கடற்கரை ஊர், அதற்குக் கேடயத்தின் அடியில் நீலமும் வெள்ளையுமாக அலைக்கோடுகள் போதும், கடலை அப்படித்தான் காட்டுவார்கள். வல்வெட்டித்துறை என்றதும் யாராவது அன்னபூரணியைப் போடச் சொல்வார்கள். 1938-ல் அந்த ஊர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்த பாய்க்கப்பல். உங்கள் ஆள் யாரும் அதில் போயிருக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

முறைப்படி பதிய வேண்டுமென்றால் உங்கள் நாட்டிலேயே வழி உண்டு. ஆளுநர் நாயகத்தின் அலுவலகத்தைச் சேர்ந்த கனேடிய சின்னங்கள் ஆணையம் 1988-லிருந்து இயங்குகிறது. குடிமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். சமூகத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். அங்கே பெண் பிள்ளைகளுக்கும் சின்னம் சமமாகப் போகும். ஆனால் செலவு ஆயிரக்கணக்கான டாலர், வருகிற கோடைக்குள் முடியவும் முடியாது. விழாவுக்கு நீங்களே வரைந்துகொள்வதில் தவறில்லை, அரச கிரீடத்தை மட்டும் தொடாதீர்கள்.

லத்தீன் வரிக்குப் பதிலாக அப்பப்பா அடிக்கடி சொன்ன ஏதாவது ஒரு வாக்கியம் போடுங்கள், வசவாக இருந்தாலும் சரி. அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தை அப்பாவிடம் காட்டிவிடுங்கள். துலாவைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்த ஓவியர் தாங்குகாலை மரத்தின் நட்ட நடுவில் வைத்துவிடுவார்.