கப்பல் நிற்கும்போதும் எரியும் எண்ணெய்: துறைமுகம் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கப்பல்களில் எஞ்சினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துறைமுகங்கள் கரியமில வாயுவை எப்படிக் குறைக்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணாச்சி, பெர்த்தில், அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் மேடையோரம், கட்டிக் கிடக்கும் கப்பல் ஏன் புகை கக்குகிறது? எஞ்சின்தான் நின்றுவிட்டதே?

நிற்பது பெரிய எஞ்சின் மட்டும்தான். விளக்கு, பம்பு, சமையற்கட்டு, குளிர்பதனக் கண்டெய்னர்கள் என்று எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். அதற்காக டீசல் ஜெனரேட்டர் இராப்பகலாக ஓடும். 1 மெகாவாட் இழுக்கும் கப்பலுக்கு ஒரு நாளில் 24,000 யூனிட் ஆகும். யூனிட்டுக்குச் சுமார் 210 கிராம் எண்ணெய் என்று வைத்தால் நாளொன்றுக்கு 5 டன். ஒரு டன் எண்ணெய் எரிந்தால் 3 டன்னுக்கு மேல் கரியமில வாயு வரும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால். ஒரே கப்பல், ஒரே நாள், 16 டன்!

இதற்கு வழி, கரையிலிருந்து கரண்ட் கொடுப்பது. ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகம் 2000-லேயே சரக்குக் கப்பல்களுக்கு உயர் அழுத்த மின்சாரம் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் 2004-ல் கண்டெய்னர் கப்பலுக்குக் கொடுத்தது. பிறகு கலிஃபோர்னியா சட்டமே போட்டது. அங்கே லாங் பீச்சில் முதன்முதலாக நான் இதைச் செய்தபோது, பின்தளத்துச் சுருளிலிருந்து மணிக்கட்டுப் பருமன் கேபிள்கள் இரண்டைக் கீழே இறக்கினோம். கரையில் நின்றவர்கள் பெர்த் ஓரத்துக் குழியில் செருகினார்கள். சுமை கரைக்கு மாறியதும் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் காதடைப்பானைக் கழற்றினேன். பக்கத்தில் நின்ற ஃபிட்டர் கத்தாமல் பேசியது காதில் விழுந்தது. எஞ்சின் ரூமில் அது எனக்குப் புது அனுபவம்.

கேள்வி: அப்படியென்றால் நம் ஊரிலும் பிளக் போட்டுவிட்டால் போதுமா, சார்? (கல்லூரி மாணவி)

போதாதும்மா. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருகிறது. யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. அந்த 24,000 யூனிட்டைப் பெருக்கிப் பார், ஏறக்குறைய 17 டன். கப்பலே எரித்திருந்தால் 16! தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டியே அனல் மின் நிலையம் இருக்கிறது, அதற்கான நிலக்கரியும் கப்பலில்தான் வருகிறது. பெர்த்தில் நின்ற புகைபோக்கியைச் சற்றுத் தள்ளி வைத்ததாகத்தான் ஆகும்.

ஆனால் நமக்குக் கொடுப்பினை உண்டு. கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகள் பக்கத்தில்தான். உப்பு விளைகிற வெயிலும் இருக்கிறது. காற்றாலை, சூரிய மின்சாரத்தோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டுமே இந்தத் திட்டத்துக்கு அர்த்தம். இன்னொரு சிக்கல்: பல கப்பல்களில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அலை), நம்முடையது 50. மாற்றுக் கருவி வேண்டும், செலவு அதில்தான். கரையிலிருந்து கரண்ட் வந்தாலும், கப்பலில் நீராவி தரும் பாய்லர் எப்போதும்போல் எண்ணெயில்தான் எரியும்.

கேள்வி: எல்லாரும் எங்கள் பழைய லாரியைத்தான் குறை சொல்கிறார்கள், அண்ணாச்சி. புது வண்டிக்கு நாங்கள் எங்கே போவோம்?

நியாயமான கேள்வி தம்பி. கேட் வாசலில் மணிக்கணக்காக எஞ்சினை ஓடவிட்டு நிற்பது உங்கள் குற்றமில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வரலாம் என்று முன்கூட்டியே நேரம் ஒதுக்கினால் அந்த டீசல் மிச்சம். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2008 அக்டோபரில் 1989-க்கு முந்தைய மாடல் லாரிகளைத் தடுத்தன. ஆனால் 2022 ஏப்ரல் முதல் அங்கே 20 அடிக் கண்டெய்னருக்கு 10 டாலர் வசூலித்து, புகையில்லா லாரி வாங்க உதவுகிறார்கள். அந்தப் பணம் சரக்குக்காரரிடமிருந்து வருகிறது. நம் ஊரிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஓட்டுகிறவன் தலையில் கட்டக் கூடாது. தூரப் பயணத்துக்கு ரயில்தான் சரி.

கேள்வி: கப்பல் வேகத்துக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் அதே தூரத்துக்கு எண்ணெய் ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். ஆனாலும் முழு வேகத்தில் ஓடிவந்து, பெர்த் காலியில்லாமல் வெளியே நங்கூரம் போட்டுக் கிடப்பதுதான் வழக்கம். ஒப்பந்தங்கள் அப்படி. தாமதமில்லாமல் போ என்று எழுதியிருக்கும்போது கேப்டன் மெதுவாக ஓட்ட முடியாது. பெர்த் எப்போது காலியாகும் என்று துறைமுகம் இரண்டு நாள் முன்பே உறுதியாகச் சொல்லி, ஒப்பந்தமும் இடம் கொடுத்தால், ஒரு காசு இயந்திரம் வாங்காமலே எண்ணெய் மிஞ்சும்.

கேள்வி: தூத்துக்குடி பச்சை ஹைட்ரஜன் உண்மையில் பயன்படுமா?

பச்சை ஹைட்ரஜன் என்பது சூரிய, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் வாயு. 2025 செப்டம்பரில் நம் வ.உ.சி. துறைமுகத்தில் தொடங்கியது அதற்கான சிறிய சோதனை ஆலை. மணிக்கு 10 கன மீட்டர், துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்சார வாகன சார்ஜுக்கும். கப்பலை அது ஓட்டாது. நான் எதிர்பார்த்திருப்பது கூடவே அடிக்கல் நாட்டிய பச்சை மெத்தனால் (கப்பலில் எரிக்கக்கூடிய ஒருவகை ஆல்கஹால்) நிரப்பும் நிலையத்தைத்தான். மெத்தனாலில் ஓடும் கப்பல்கள் ஏற்கெனவே கடலில் இருக்கின்றன. ஒரே கஷ்டம், எடைக்கு எடை எண்ணெயில் பாதி சக்திதான், டாங்க் பெரிதாக வேண்டும்.

கேள்வி: பேட்டரியில் கப்பல் ஓடாதா?

கடல் தாண்டும் கப்பலுக்கு இப்போதைக்கு முடியாது. இழுவைக் கப்பலுக்கு முடியும், தினமும் அதே ஜெட்டிக்குத்தானே திரும்புகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 70 டன் விசையில் இழுக்கும் பேட்டரி இழுவைக் கப்பல் ஒன்று 2022-லேயே வந்துவிட்டது. ஜெட்டியில் நிற்கும்போது சார்ஜ் போட்டுக்கொள்கிறது.