வீடு, மனை, பத்திரம்: மாடிச் சுவரில் ஓர் அரண்மனை

(சேலத்தில் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தாத்தா 1938இல் வாங்கிய மாடி வீடு இருக்கிறது. கீழே வெள்ளிப் பட்டறை, மேலே குடித்தனம். மேலே குடியிருந்தவர் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் சீன் (பின்னணித் திரை) எழுதுகிற ஓவியர். வாடகை பாக்கிக்கு ஈடாக மாடிக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அரண்மனைப் படிக்கட்டு ஒன்றை வரைந்து கொடுத்தாராம். இன்றும் இருக்கிறது. தாத்தா 1971இல் உயில் எழுதாமல் தவறிவிட்டார். அப்பாவும் இல்லை. அத்தை ஆத்தூரில் இருக்கிறார். வீட்டை விற்பதென்று அண்ணன்கள் முடிவு செய்திருக்கிறார்கள். புரோக்கர், "இது சினிமா வீடு, டபுள் ரேட் சொல்லலாம்" என்கிறார். பக்கத்துக் கடைக்காரரோ, "பழைய சின்னம் என்று வெளியே சொல்லாதீர்கள், கவர்மென்ட் எடுத்துக்கொள்ளும்" என்கிறார். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம் அம்மா.

கடைக்காரரை முதலில் முடித்துவிடுவோம். வீட்டுக்கு வயதாகிவிட்டது என்பதற்காக யாரும் வந்து எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மத்திய அரசின் 1958ஆம் வருஷத்துத் தொல்சின்னச் சட்டமானாலும், மாநில அரசின் சட்டமானாலும், இன்ன கட்டடம் பாதுகாக்கப்பட்டது என்று அறிவிக்கை வெளியிட்டால்தான் கட்டுப்பாடு. உங்கள் வீட்டுக்கு அப்படி எதுவும் வராதவரை, தாராளமாக விற்கலாம்.

புரோக்கர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் விலை மண்ணுக்குத்தான். தெருமுகம் எத்தனை அடி, லாரி உள்ளே வருமா, பட்டறை போடலாமா, குடோன் கட்டலாமா என்று பார்ப்பவர்கள்தான் அங்கே வாங்க வருகிறார்கள். அவர்களுக்கு உங்கள் மாடிச் சுவர், இடிக்கிற கூலியில் ஒரு பகுதி. படிக்கட்டு ஓவியத்துக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டார்கள். கதைக்குக் காசு கொடுப்பவர் வேறு ஆள். வீடாகவே வைத்துக்கொள்ள நினைப்பவர். அப்படிப்பட்டவர் சேலத்தில் அபூர்வம், ஆனால் இருக்கிறார். அவர் முதலில் கேட்பது, "இதற்கு என்ன ஆதாரம்?"

அதைக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. 1935இல் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பித்த பிறகு, இந்த ஊரில் சினிமாக்காரர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவது ஒரு தொழிலாகவே ஆனது. இங்கே மாதச் சம்பளம். நடிகர், எழுத்தாளர், தச்சர், ஓவியர் எல்லோரும் குடும்பத்தோடு வந்து தங்கினார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல். நடுவில் 'உத்தம புத்திரன்', 'மந்திரி குமாரி' என்று வரிசையாக ராஜா ராணிக் கதைகள். அத்தனை அரண்மனைகளையும் மரச்சட்டத்திலும் துணியிலும் யாரோ எழுதித்தானே ஆக வேண்டும்? ஆகவே உங்கள் கதை நடந்திருக்கக்கூடிய கதைதான். ஆனால் நடந்திருக்கக்கூடியதை வைத்து விலை பேச முடியாது.

ஆதாரம் என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தாத்தாவின் பட்டறைக் கணக்கு நோட்டில் வாடகை வரவு எழுதியிருப்பார். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்காரர்கள் கணக்கு எழுதாமல் தூங்க மாட்டார்கள். அந்த வீட்டு முகவரிக்கு வந்த கார்டு, கவர். அந்தக் காலத்து வாக்காளர் பட்டியல். குடித்தனக்காரர் பேரில் எழுதிய வாடகை ஒப்பந்தம். ஓவியத்தின் கீழ் மூலையில் கையெழுத்தோ தேதியோ இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாது. கிடைத்ததை எல்லாம் ஸ்கேன் செய்யுங்கள். பழைய பாட்டுப் புத்தகமோ நாடக நோட்டீஸோ அகப்பட்டால் எடைக்குப் போடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்த மாதிரியானவற்றைப் பாதுகாக்கிறது.

ஓவியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சீன் எழுதுகிறவர்கள் வழக்கமாக வர்ணப்பொடியை வஜ்ஜிரப் பசையில் கலந்துதான் தீட்டுவார்கள். உங்கள் சுவரிலும் அதுவாக இருந்தால் தண்ணீர் பட்டாலே கரையும். வீடு பார்க்க ஆள் வருகிறது என்று ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், படிக்கட்டு வாளியில் வந்துவிடும். பளபளப்புக்காக வார்னிஷும் கூடாது. கொஞ்ச நாளில் பழுத்துக் கறுத்துவிடும். மேலே ஒழுகுகிறதா என்று பார்த்து அதை மட்டும் நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்தில், ஓரத்தில் டேப்பை நீட்டி வைத்துப் பகுதி பகுதியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு யோசனை வேண்டுமானால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் ஆய்வுக்கூடம் 1930 முதல் இருக்கிறது. எழுதிக் கேளுங்கள்.

இப்போது கொஞ்சம் கோபமாகப் பேசப் போகிறேன். "அண்ணன்கள் முடிவு செய்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முடிவு என்ன? உங்கள் அத்தையின் முடிவு என்ன? வீடு தாத்தாவின் சுயசம்பாத்தியம் என்றால், 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயிலில்லாமல் இறந்தவரின் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. தாத்தாவுக்கு உங்கள் அப்பாவும் அத்தையும் மட்டும்தான் பிள்ளைகள் என்றால், பாட்டியும் காலமாகிவிட்டார் என்றால், வீட்டில் சரிபாதி ஆத்தூரில் இருக்கிறது. அப்பாவின் பாதியில் உங்கள் அம்மாவுக்கும், உங்களுக்கும், அண்ணன்களுக்கும் ஆளுக்கொரு சமபங்கு. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்று சொல்வார்கள். அந்த நகை விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது) ஆகாது. வீட்டு வரி ரசீது பெரியண்ணன் பேரில் வருகிறது என்பார்கள். வரி கட்டியவர் வரி கட்டியவர்தான், அதனால் வீடு அவருடையதாகிவிடாது. அத்தை கையெழுத்து இல்லாமல் அட்வான்ஸ் வாங்கினால், வீட்டை விற்பதற்கு முன்பே வக்கீல் நோட்டீஸை வாங்குவீர்கள்.

ஆகவே முதல் வேலை, வாரிசுச் சான்றிதழ்கள். அப்புறம் 1938 பத்திரத்தின் அசல். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல். வில்லங்கச் சான்று கணினியில் கிடைப்பதோடு நிற்காமல், மனுப்போட்டுப் பழைய புத்தகங்களையும் தேடச் சொல்லுங்கள். பழைய பத்திரத்தின் செக்குபந்தியை (நான்கு பக்க எல்லை விவரத்தை) இன்றைய நகர நில அளவைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டடி சந்து ஒன்று அநேகமாக யாரிடமாவது போயிருக்கும். இவை எல்லாம் கையில் இருந்தால், வீடாக வாங்குகிறவருக்கு முதல் மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். வராவிட்டால் மண்ணாக வாங்குகிறவரிடம் போங்கள். விலை குறைந்தாலும் ஓவியத்தைக் காப்பாற்றுகிறவருக்கே கொடுங்கள் என்று நான் உபதேசம் செய்ய மாட்டேன். ஆத்தூர் அத்தையின் பங்கில் தள்ளுபடி கொடுக்க நான் யார்?

கேள்வி: சொந்த ஊர் சேலம், வேலை பெங்களூருவில். முதல் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. ஒரு காலத்தில் அந்தக் கூடத்தில் கச்சேரி நடக்குமாம். மெட்ராஸ் டெரஸ் கூரை. இன்ஜினியர் நண்பன், "இடித்துக் கட்டு" என்கிறான். எனக்கு அப்படியே வைத்துக்கொள்ள ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: தம்பி, நண்பரைக் குறை சொல்ல முடியாது. அவர் படித்தது சிமென்டும் கம்பியும். மெட்ராஸ் டெரஸில் இரண்டும் கிடையாது. தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் போட்டு, அதன் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். ஒழுங்காக வைத்திருந்தால் பேரன் காலம்வரை நிற்கும். அதைக் கொல்வது தண்ணீர் ஒன்றுதான்.

எனவே வெயிலில் போய்ப் பார்க்காதீர்கள், ஐப்பசி மழையில் போங்கள். உத்தரத்தின் நடுவைப் பார்த்து மயங்க வேண்டாம், அது அழகாகத்தான் இருக்கும். சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் உளுக்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த உத்தரம் போனது. நாலைந்து போயிருந்தால் மாற்றலாம். ஒரு பக்கம் முழுக்கப் போயிருந்தால் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். மாடியில் ஏறி, ஒழுகுகிறது என்று எவராவது தளத்தின் மேல் சிமென்ட் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அவ்வளவு பாரத்தை அந்த உத்தரங்கள் எதிர்பார்த்திருக்காது.

சுவரில் கீழே மூன்றடி உப்புப் பூத்து உதிர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சுவர் தரையீரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கச் சொல்கிற பெயின்டரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அக்ரஹாரத்து வீட்டில் இன்னொரு சங்கதி பொதுச்சுவர். உங்கள் சுவர் பாதி, பக்கத்து வீட்டுக்காரருடையது பாதி. நாளைக்கு அவர் இடித்துக் கட்டினால் உங்கள் உத்தரத்தின் முனை அந்தரத்தில் நிற்கும். எந்தச் சுவர் பொது, எது தனி என்று பத்திரத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். செலவைப் பொறுத்தவரை முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். வங்கி, கட்டடத்துக்கு மிச்ச ஆயுள் எவ்வளவு என்று பார்க்கும். பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரிடம் உறுதிச் சான்று வாங்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் மண்ணின் மதிப்பை வைத்துத்தான் பேசுவார்கள்.

கச்சேரி நடந்த கூடம் என்பது உண்மையா என்று தெரிய, முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்து யாரையாவது பாடச் சொல்லிக் கேளுங்கள். முற்றத்தை மூடி ஃபைபர் ஷீட் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும்.

கேள்வி: எம்.ஜி.ஆர். சேலத்தில் தங்கியிருந்த வீடு எது? இப்போது விலைக்கு வந்தால் என்ன போகும்?
– ஒரு வாசகர், எடப்பாடி

பதில்: நீங்கள் எந்தத் தெருவில் நின்று கேட்கிறீர்களோ, அந்தத் தெருவில்தான். விலை, சொல்பவரின் வயதைப் பொறுத்தது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அதற்குச் சாட்சி தேவையில்லை, போய்ப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுக்கு விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டோம். இப்போது காரைக்குடி வியாபாரி ஒருவர் வந்து நிலைக்கதவையும் நாலு மரத்தூணையும் தனியாக நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கொடுக்கக் கூடாது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 8ஆம் பிரிவைப் பாருங்கள். வீடு என்று எழுதினால் கதவு, ஜன்னல், பூட்டு, சாவி, நிலையாகப் பொருத்தியவை எல்லாம் அதோடு சேர்ந்தே போகும், வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய. வாங்குகிறவர் உங்கள் கதவைப் பார்த்துத்தான் விலை சொல்லியிருப்பார். அவரிடமே பேசிப் பாருங்கள். அவர் இடிக்கப் போகிறவரானால் சந்தோஷமாகச் சம்மதிப்பார். அப்போது, "நிலைக்கதவு ஒன்றும் மரத்தூண் நான்கும் நீங்கலாக" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு வியாபாரியைக் கூப்பிடுங்கள். தூணைக் கழற்றும்போது கூரைக்கு முட்டுக் கொடுக்கும் செலவு யாருடையது என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.